முயலுக்கு ஒரு துவக்கு

நான் துவக்கு வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் அக்கா கேட்ட முதற்கேள்வி, "ஆரைச் சுட?" என்பதுதான்.

முயலை என்றேன். காகத்தை, காட்டுக்கோழியை, பறவை முட்டைகளைத் தின்று தீர்க்கிற மிங்க் என்ற கீரிச் சாதிப் பிராணியை என்றேன். நான் சொல்லச் சொல்ல அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு முயலைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. நான் என்னையே சுட்டுக்கொண்டு செத்துப்போவேன் என்றுதான் அவள் பயந்தாள். வாய் திறந்து அதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்படியான சொற்களை யாரும் வாயில் எடுப்பதில்லை. சொன்னால் பலித்துவிடும் என்று ஒரு பயம்.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. கடைசி யுத்தத்தில் என் மனைவியும் மகளும் போய்விட்டார்கள். மூவரும் ஒரே பதுங்குகுழிக்குள் இருந்தோம். நான் தண்ணீர் எடுக்க வெளியே போனேன். வலது தோளுக்குள் ஒரு ஷெல் துண்டோடு நான் மட்டும் மிஞ்சினேன். அந்தத் துண்டு இன்னும் உள்ளேதான் கிடக்கிறது. எடுப்பதைவிட விடுவது நல்லது என்று இங்கே வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

அக்கா அதற்கு நெடுங்காலம் முன்பே கலியாணம் முடித்து ஒஸ்லோவுக்கு வந்துவிட்டாள். புருசெத்தில் வீடு, முதியோர் இல்லத்தில் வேலை. அவள் இருக்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காக நானும் இந்த நாட்டுக்கு வந்து அகதியாகப் பதிந்தேன். மொழி தெரியாத அந்த நாள்களில் அக்காதான் எனக்கு வாய். அகதி அலுவலகம், வங்கி, பல் வைத்தியம் எல்லாவற்றுக்கும் அவள் வருவாள். கேள்வி என்னிடம் வரும், பதில் அவளிடமிருந்து போகும். பிறகு நான் மொழியும் படித்தேன், குளிர்க் கிடங்கு ஒன்றில் வேலையும் எடுத்தேன், ரொம்சோஸில் தனி வீட்டுக்கும் போனேன். அவளுடைய பழக்கம் மட்டும் மாறவில்லை. கடையில் ஒருவர் என்னைப் பார்த்து "பை வேண்டுமா?" என்று கேட்டால்கூட அக்கா முந்திக்கொண்டு வேண்டாம் என்பாள்.

அந்த ஆரம்ப நாள்களில் ஒருதரம் குடும்ப வைத்தியரிடம் போனோம். நரை விழத் தொடங்கிய நோர்வேஜியப் பெண்மணி. நித்திரை வருகிறதா, சாப்பிடுகிறாயா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் பேனையைக் கீழே வைத்து, "மனதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். அக்கா அதைத் தமிழில் சொன்னாள். யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. நான் கதைக்கத் தொடங்கினேன். "எனக்கு இருக்க விருப்பமில்லை. நான் அவையளிட்டைப் போக வேணும். ஒவ்வொரு நாளும் அதைத்தான் யோசிக்கிறன்" என்று தொடங்கி, நிறுத்த முடியாமல் கனக்கச் சொன்னேன். அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து வைத்தியருக்குச் சொன்னாள். அவள் சொன்னது மிகவும் கட்டையாக இருந்தது. மொழி தெரியாதவனுக்கும் நீளம் தெரியும். வைத்தியர் அனுதாபமாகத் தலையாட்டி நித்திரைக் குளிசை எழுதித் தந்தார்.

வெளியே வந்ததும் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நித்திரை இல்லை, அவையளின்ரை நினைவாக் கிடக்கிறான் எண்டு சொன்னனான்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே அக்கா."

"உதெல்லாம் கொம்பியூட்டரிலை ஏத்திப்போடுவாங்கள். பிறகு ஆயுசுக்கும் நீ விசரன்தான். விசா வந்திட்டுதோ உனக்கு? நாளைக்கு ஒரு பொம்பிளை பாக்கிறதெண்டால் ஆர் தருவினம்?"

அவளில் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் ஆட்களுக்கிடையில் ஒருவனுக்கு வயிற்றில் வருத்தம் என்றால் சூப் கொண்டு வருவார்கள், மனதில் வருத்தம் என்றால் சாதகத்தைத் திருப்பி அனுப்புவார்கள். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அவள் அப்படிச் செய்தாள். பிறகு வருடக்கணக்காக அந்த வைத்தியரிடம் குளிசைக்காகப் போய்வந்தேன். மொழி தெரிந்த பிறகு தனியாகவே போனேன். ஆனால் அவர் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் இல்லை.

வேட்டைக்கு என்னைக் கொண்டுபோனவர் கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிற நோர்வேஜியர். என்னைவிட மூத்தவர், அதிகம் கதைக்காதவர். ஒரு இலையுதிர்காலத்தில் கோப்பியோடு என் பக்கத்தில் வந்து நின்று, "என் நாய்க்குக் காலில் நோ. பற்றைக்குள் நடந்து முயலைக் கிளப்ப ஆள் இல்லை. நீ வருகிறாயா?" என்று கேட்டார். நாயின் இடத்துக்குத்தான் அழைக்கப்பட்டேன் என்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதைவிடப் பெரிய பதவிக்கு யாரும் என்னைக் கேட்டதில்லை.

முதல் வெடிக்கு நான் குப்புற விழுந்து நிலத்தோடு ஒட்டிக்கொண்டேன். வாய்க்குள் மண்ணும் பாசியும். எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது. எழும்பியபோது அவர் ஒரு மரக்குற்றியில் இனி வெடிக்காதபடி துவக்கைத் திறந்துவைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கோப்பி ஊற்றித் தந்தார். பின்னேரம் வேறொரு துவக்கை எடுத்து வந்தார். மெல்லிய, சிறிய துவக்கு, முனையில் சத்தம் அடக்குகிற குழாய். அது வெடித்தபோது பக்கத்து வீட்டில் யாரோ கதவுத் தாழ்ப்பாளைப் போட்டதுபோல் இருந்தது. நான் விழவில்லை. அன்றிரவு அவருடைய காட்டு வீட்டில் குளிசை போடாமல் நித்திரை கொண்டேன்.

அதிலிருந்து வருடாவருடம் போனேன். ஏன் பிடித்தது என்று எனக்குத் தெரியும். காட்டில் யாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை. அதோடு அங்கே ஒரு உயிர் போனால் எதற்காகப் போனது என்று தெரிகிறது. சுட்டவர் போய்த் தேடி எடுக்கிறார். காயம் பட்டு ஓடினால் இருட்டும்வரை தேட வேண்டும், விட்டுவிட்டு வர முடியாது, அது சட்டம். ஒரு முயலுக்கு இவ்வளவு இருக்கிறதே என்று நினைத்து ஒருநாள் பனிக்குள் நின்று அழுதேன். அந்த நல்ல மனிதர் திரும்பி நின்று தன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினார்.

எனக்குப் பங்காக வந்த முயல் ஒன்றை அக்காவிடம் கொண்டுபோனேன். பெரிய துவக்கால், சிறு குண்டுகளைச் சிதறவிட்டுச் சுட்ட முயல் அது. நோர்வேஜியர்கள் சதையை மட்டும் சீவி எடுத்து, வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துக் குண்டுகளைப் பொறுக்குவார்கள். அக்கா எங்கள் முறைப்படி எலும்போடு துண்டு துண்டாக வெட்டி, கறித்தூள் போட்டுப் பிரட்டி வைத்துவிட்டாள். இரண்டாவது வாயில் அவளுடைய பல்லில் நறுக்கென்று ஏதோ கடிபட்டது. கையில் துப்பிப் பார்த்தாள். மிளகைவிடச் சிறிய குண்டு. அதைச் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் வைத்துவிட்டு என் தோளைப் பார்த்தாள். பிறகு நாங்கள் இருவரும் சோற்றை மட்டும் சாப்பிட்டோம்.

ஆகவே எனக்கென்று ஒரு துவக்கு வாங்குவதாக முடிவு செய்தபோது, அது எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஒரு குழப்பமும் இருக்கவில்லை. ஒரு தடவைக்குக் குழலிலிருந்து ஒரேயொரு சன்னம்தான் போக வேண்டும். சத்தம் இருக்கக்கூடாது. தோளில் இடிக்கக்கூடாது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சின்னத் துவக்குதான். வேட்டைப் பரீட்சைக்குப் படித்தேன். எந்தப் பிராணியை எந்த மாதத்தில் தொடக்கூடாது என்பதையெல்லாம் குளிர்க் கிடங்கில் பெட்டி அடுக்கியபடி மனப்பாடம் செய்தேன். முதல் தடவை கோட்டைவிட்டு இரண்டாம் தடவை சித்தியடைந்தேன். அந்த மாதங்களில் நான் சிரித்ததாகக் கிடங்கில் சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

துவக்கு வாங்க முன்னரே அதை வைக்கும் அலுமாரியை வாங்கிவிட்டேன். தடித்த இரும்பு அலுமாரி, சுவரோடு சேர்த்து முடுக்கியிருக்க வேண்டும் என்பது விதி. போர்க்லிப்ட்காரர் வந்து, என் வீட்டுச் சாமான் அறையில், அரிசிச் சாக்குக்குப் பக்கத்தில் கொங்கிறீட்டைத் துளைத்துப் பூட்டித் தந்தார். அடுத்த நாள் அக்கா வந்து பார்த்தாள்.

"சாமிப்படம் கொழுவ ஒரு ஆணி அடியெண்டு எத்தினை வருசமாச் சொல்லுறன். அதுக்குச் சுவர் பழுதாப்போடும் எண்டாய். இதுக்கு மட்டும் துளைச்சிருக்கிறாய், என்ன?"

"சாமியை ஆரும் களவெடுக்க மாட்டினம் அக்கா."

அவள் சிரிக்கவில்லை. அலுமாரிக் கதவைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லாத இருட்டைப் பார்த்துவிட்டு மூடினாள்.

கடைக்கும் அவள்தான் காரில் கூட்டிக்கொண்டு போனாள். நான் கேட்கவில்லை, தானாக வந்தாள். சனிக்கிழமை காலை, கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்க விடவில்லை.

"ராகுகாலம் முடியட்டும்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இந்தத் துவக்கை வாங்கவே கூடாது என்று நேர்த்தி வைத்திருக்கிறவள், அதைக் கெட்ட நேரத்தில் வாங்கவும் விடமாட்டாளாம். கார்க் கண்ணாடி முழுக்க எங்கள் மூச்சுப் படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. அவள் கைப்பையிலிருந்து திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசினாள். நான் குனிந்து கொடுத்தேன்.

கடைக்காரன் தாடி வைத்த இளைஞன். என்ன வேட்டை என்று கேட்டான்.

"ஒன்றும் இல்லை," என்றாள் அக்கா நோர்வேஜிய மொழியில்.

அவன் அவளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். முயல், காட்டுக்கோழி, மிங்க் என்று நான் சொன்னேன். அவன் மேசையில் ஒரு கம்பளித் துணியை விரித்து, மூன்று துவக்குகளை வரிசையாகக் கிடத்தினான். முதலாவது, குழல் விட்டத்தால் பெயர் பெற்ற இருபத்திரண்டு. எல்லோரும் தொடங்குகிற சின்ன ரகம், சத்தம் குறைவு, ஆனால் ஐம்பது மீற்றருக்கு மேல் சன்னம் தணிந்து விழத் தொடங்கும், கிட்டப் போய்த்தான் சுட வேண்டும். இரண்டாவது பதினேழு. அதைவிட மெல்லிய சன்னம், ஆனால் பேய் வேகம், இரண்டு மடங்கு தூரத்துக்கு நூல் பிடித்தமாதிரிப் போகும், காற்றடித்தால் மட்டும் விலகும். மூன்றாவது ஹோர்னெட். நரிக்கும் போதும், ஆனால் சத்தம் கூட, முயலின் முன்பாதி சட்டிக்கு உதவாது.

"உன் இடத்தில் நானென்றால் பதினேழு," என்றான். "சன்னம் உள்ளே போனதும் தூள்தூளாகச் சிதறிவிடும். வெளியே வராது. அதுதான் அதன் விசேஷம்."

எனக்குத் தோளுக்குள் குளிர்ந்தது. அவன் நல்ல பொடியன், தன் சாமானைப் பற்றிச் சந்தோசமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"வேதனையே இருக்காது. உடனே முடிந்துவிடும்."

"உடனேயா?" என்று அக்கா கேட்டாள்.

"உடனே," என்றான்.

அக்கா அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். பதினேழைக் கையால் தள்ளிவிட்டு இருபத்திரண்டை எடுத்தேன். தோளில் வைத்துப் பார்த்தபோது அதன் மரப்பிடி நீளமாக இருந்தது. நோர்வேஜியரின் நீண்ட கைகளுக்குச் செய்த பிடி. கடைக்காரன் உள்ளே போய், சிறுவர்களுக்கென்று பிடியைக் கட்டையாகச் செய்த அதே துவக்கைக் கொண்டுவந்தான். ஐம்பதைத் தொடப்போகிற எனக்குப் பள்ளிப் பிள்ளைகளின் துவக்கு. போர்க்லிப்ட்காரர் சொல்லித் தந்தபடி கண்ணை மூடினேன், துவக்கை உயர்த்திக் கன்னத்தில் வைத்தேன், கண்ணைத் திறந்தேன். குறி என் கண்ணுக்கு நேரே நின்றது. தேட வேண்டியிருக்கவில்லை. இந்த நாட்டில் எனக்கு அளவாக அமைந்த முதல் சாமான் அதுதான் என்று தோன்றியது. தோளும் நோகவில்லை.

"இதுதான்," என்றேன்.

பொலிஸ் அனுமதி வந்த பிறகுதான் கையில் தரலாம் என்று அதை எனக்காக எடுத்து வைத்தான். காரில் திரும்பும்போது அக்கா வீதியையே பார்த்து ஓட்டினாள். எனக்கு நெஞ்சு முழுக்கச் சந்தோசம். அதை மறைக்கத் தெரியாமல் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த கிழமை குளிசை முடிந்துவிட்டதால் வைத்தியரிடம் போக வேண்டியிருந்தது. அக்கா தொலைபேசி எடுத்தாள்.

"நானும் வாறன்."

"ஏன்? எனக்கு இப்ப மொழி தெரியும்தானே."

"தெரியும். வாறன்."

அதே அறை, அதே வைத்தியர். தலை முழுக்க நரைத்துவிட்டது. எனக்குப் பக்கத்துக் கதிரையில் அக்கா, முன்பு இருந்த மாதிரியே கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். வைத்தியர் என்னிடம் தோள் எப்படி, நித்திரை எப்படி என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். அவர் கணினிப் பக்கம் திரும்பியபோது அக்கா நோர்வேஜிய மொழியில் கதைக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு சொல்லாக, முதியோர் இல்லத்தில் காது கேளாதவர்களுக்குச் சொல்வதுபோல் தெளிவாகச் சொன்னாள்.

"இவன் துவக்கு வாங்கப் போகிறான். நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இவன் வந்த புதிதில், இதே அறையில், மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். இவன் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை."

வைத்தியர் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தார்.

"எனக்கு இருக்க விருப்பமில்லை என்று சொன்னான். நான் அவர்களிடம் போக வேண்டும் என்று சொன்னான். ஒவ்வொரு நாளும் அதைத்தான் யோசிக்கிறேன் என்று சொன்னான்."

நிறுத்தவில்லை. அன்று நான் சொன்ன எல்லாவற்றையும், ஒன்று விடாமல், நான் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னாள். நானே மறந்துவிட்ட வசனங்கள்கூட அதில் இருந்தன. மகளின் செருப்பைப் பற்றி ஒன்று சொல்லியிருந்தேன் போலும். இத்தனை வருடங்களாக அக்கா அவ்வளவையும் தனக்குள் வைத்துக்கொண்டு சமைத்திருக்கிறாள், வேலைக்குப் போயிருக்கிறாள், எனக்குப் பொம்பிளை பார்த்திருக்கிறாள். எனக்கு முதலில் கோபம் வந்தது. எழும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன்.

வைத்தியர் தன் கதிரையை என் பக்கம் திருப்பினார். அக்காவைப் பார்க்கவில்லை.

"இப்போதும் அப்படி இருக்கிறதா?"

இல்லை என்று சொன்னால் போதும். அந்தக் கட்டைப்பிடித் துவக்கு கடையில் எனக்காக நிற்கிறது, குறி கண்ணுக்கு நேரே வந்து நிற்கிறது. நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். வாழ்நாளில் முதல்தடவையாக, என்னிடம் கேட்ட கேள்விக்கு அவள் வாய் திறக்கவில்லை. பையின் பட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சில நாள்களில்," என்றேன். "காட்டில் இருக்கும்போது இல்லை. வீட்டில், சில நாள்களில், ஓம்."

ஆமென்கிற அந்த ஓம் மட்டும் தமிழில் வந்துவிட்டது. வைத்தியருக்கு அது விளங்கியது.

பொலிசுக்கு அறிவிக்க வேண்டியது தன் கடமை என்று அவர் சொன்னார். எனக்கு அது தெரியும், பரீட்சைக்குப் படித்திருந்தேன். மனநல நிலையத்துக்கு எழுதினார். இப்போது கிழமைக்கு ஒருதரம் போகிறேன், மொழிபெயர்க்க யாரும் இல்லை. அனுமதி வரவில்லை. கடைக்காரன் துவக்கை வேறு யாருக்கோ விற்றிருப்பான். எந்தப் பிள்ளையின் தோளில் அது இருக்கிறதோ தெரியாது. கொஞ்சக் காலம் அக்காவோடு நான் கதைக்கவில்லை. அவளுடைய தொலைபேசியை எடுக்கவில்லை. போர்க்லிப்ட்காரரிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்துவிட்டு, "நாய் செத்துப்போய்விட்டது," என்றார். "பற்றைக்குள் நடக்க இப்போதும் ஆள் வேண்டும்." இந்த இலையுதிர்காலமும் போனேன்.

வைத்தியர் அன்று இன்னொன்றும் சொல்லியிருந்தார். குளிசைப் பெட்டி என் கையில் இருக்கக்கூடாது, யாராவது பொறுப்பாக வைத்திருந்து நாளுக்கு ஒன்று தர வேண்டும். நான் தொலைபேசியை எடுக்காவிட்டாலும் அக்கா வேலை முடிந்ததும் புருசெத்திலிருந்து ரொம்சோஸுக்கு வந்து மணியை அடித்தாள். எங்கே வைப்பது என்று வீடு முழுக்கத் தேடினாள். அவளுடைய வீட்டில் வைத்தால் பனி நாளில் வர முடியாமல் போகலாம். கடைசியில் சாமான் அறைக்குள் போனாள்.

அந்த அலுமாரி இனிச் சுவரை விட்டு வராது. அதற்குள் மேல்தட்டில் இப்போது என் குளிசைப் பெட்டி மட்டும் இருக்கிறது. பூட்டின் திறப்பு அக்காவிடம், அவளுடைய வீட்டுத் திறப்போடு ஒரே வளையத்தில். ஒவ்வொரு பின்னேரமும் வருகிறாள். அந்தத் தடித்த கதவைத் திறந்து ஒரு குளிசையை எடுத்து என் உள்ளங்கையில் வைக்கிறாள். தண்ணீரோடு விழுங்கும்வரை நின்று பார்க்கிறாள். பிறகு கதவைச் சாத்திப் பூட்டுகிறாள். கதவுத் தாழ்ப்பாள் விழுகிற அந்தச் சத்தம் எனக்கு நல்ல பழக்கம்.

"இண்டைக்கு எப்பிடியடா?" என்று கேட்கிறாள்.

முன்பென்றால் ஒன்றுமில்லை என்றிருப்பேன். இப்போது உள்ளதைச் சொல்கிறேன். அவள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கடைசிவரை கேட்கிறாள்.